பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டு

அந்த ஆசிரமத்தில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்தொன்பது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சீடர் காலில் விழுந்துவிட்டு, குருவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். குரு தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்.

குருவின் பெயர் அமுதவல்லி. சித்த மருத்துவம் படித்தவர். தென்காசிப் பக்கம், மலை அடிவாரத்தில், பஸ் போகிற சாலையை ஒட்டிய அந்த ஆசிரமத்தில் ஒரு மருந்துக்கூடம் வைத்து நடத்தினார். ஒரு பக்கம் லேகியக் கூடம், எதிர்ப்பக்கம் தைலக் கூடம், நடுவில் ஒரு வேப்பமரம். மரத்தில் ஒரு மணி தொங்கும். அதை அடித்தால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு வந்துவிட வேண்டும்.

சீடரின் பெயர் தில்லைநாயகம். நூற்பாலை ஒன்றில் பணியாளர் நல அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு நிம்மதி தேடி இங்கே வந்தார். குரு அவருக்கு நிம்மதியைக் கொடுக்கவில்லை, ஆட்களைப் பார்த்துக்கொள்கிற வேலையைக் கொடுத்தார். பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால், ஒரே மகன், பெங்களூரில் இருக்கிறான் என்பார் தில்லைநாயகம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

ஆட்களை அரவணைத்துப் போவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. வந்ததும் முதல் வேலையாக ‘இங்கு அனைவரும் சமம்’ என்று பச்சைப் பெயின்டில் எழுதிப் பலகை மாட்டினார். மாதம் ஒருமுறை மனம் திறந்த கூட்டம் என்று ஒன்று நடத்தினார். கூட்டத்தில் அவர் மனம் திறப்பார், மற்றவர்கள் சுண்டல் சாப்பிடுவார்கள்.

ஆனால் அவர் மிகவும் பெருமைப்பட்டது அறிமுகத் தேநீரைப் பற்றித்தான். புது ஆள் யார் சேர்ந்தாலும் முதல் நாள் சாயங்காலம் மணி அடித்து எல்லோரையும் மரத்தடியில் உட்காரவைப்பார். தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுப்பார். முறுக்குத் தட்டை நீட்டியபடி, ஊர் எது, வீடு எங்கே, சாமி எது என்று வாய் நிறையச் சிரித்துக்கொண்டு விசாரிப்பார். புது ஆளுக்குக் கூச்சம் போய்விடுமாம்.

ஒரு திங்கட்கிழமை காலை முத்தரசி அவர் மேசை முன்னால் வந்து நின்றாள். கூடத்தில் மருந்தாளுநர் படிப்பு படித்த ஒரே ஆள் அவள்தான். சட்டப்படி அவள் இல்லாமல் மருந்துக்கூடத்தைத் திறந்து வைக்க முடியாது.

“சார், சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுல ஊருக்குப் போறேன். இனி வர மாட்டேன்.”

“ஏம்மா? யாரும் ஏதும் சொன்னாங்களா?”

“இல்ல சார். வீட்டுல கூப்பிடுதாங்க.”

 அந்த வருஷத்தில் இப்படிப் போகிற மூன்றாவது ஆள் இவள். எல்லோரும் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருவரும் போகவில்லை. அதுதான் தில்லைநாயகத்தைப் பயமுறுத்தியது.

குரு வெயிலில் காயவைத்த நெல்லி வற்றலைப் புரட்டிக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் போய்ப் பக்கத்தில் நின்றார்.

“அம்மா, முத்தரசியும் போறா.”

“ஏனாம்?”

“வீட்டுல கூப்பிடுதாங்களாம்.”

“போன மாசம் போன தம்பி?”

“அவரையும் வீட்டுலதான் கூப்பிட்டாங்க.”

“அதுக்கு முந்தி ஒரு அம்மா போனாங்களே?”

தில்லைநாயகம் தானும் ஒரு வற்றலைப் புரட்டிப் போட்டார்.

“நம்ம ஆட்களோட வீடெல்லாம் ரொம்பப் பாசமான வீடு போல,” என்றார் குரு.

தில்லைநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “நான் யார்கிட்டயும் பேதம் பார்த்ததில்லம்மா. பலகை மாட்டியிருக்கேன், கூட்டம் போடுதேன். ஆனா ஒருத்தரும் எங்கிட்ட உண்மையைச் சொல்ல மாட்டேங்காங்க. அவங்க வாயைத் திறக்க வைக்க நான் என்னதான் செய்யணும்?”

 குரு ஒரு கை வற்றலை அள்ளி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

“முத்தரசி முதல்ல எங்கே வேலை பார்த்தா?”

“லேகியக் கூடத்துல.”

“இப்போ?”

“தைலக் கூடத்துல.”

“ஏன் மாத்துனீங்க?”

“தைலத்துக்கு ஆள் தேவைப்பட்டுச்சு.”

“எப்போ தேவைப்பட்டுச்சு ஐயா? டீக்கு முந்தியா, பிந்தியா?”

“ஞாபகம் இல்லம்மா,” என்றார் தில்லைநாயகம்.

ஞாபகம் இருந்தது. அவள் சேர்ந்த அன்று சாயங்காலம் அவர் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, சொந்த ஊர் எது என்று கேட்டார். புளியங்குளம் என்றாள் முத்தரசி. “அட, சங்கரன்கோயில் போற வழியில இருக்கே, நான் வந்திருக்கேனே” என்று சந்தோஷப்பட்டார். புளியங்குளத்தில் எங்கே என்றார். பள்ளிக்கூடத்துப் பக்கம் என்றாள். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். “பள்ளிக்கூடத்துக்கு இங்கிட்டா, அங்கிட்டா?”

“அங்கிட்டு சார்.”

மரத்தடியில் பேச்சு நின்றுபோனது. கொஞ்ச நேரந்தான். அப்புறம் யாரோ மழை வருமா என்று கேட்டார்கள், எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். குலதெய்வம் எது என்கிற கடைசிக் கேள்வியை அன்றைக்கு அவர் கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

மறுநாள் காலை லேகியம் கிண்டுகிற பரிமளம் வந்தாள். தில்லைநாயகத்தின் ஊருக்கு இரண்டு மைல் தள்ளி அவள் ஊர். அதைக் கண்டுபிடித்ததும் அறிமுகத் தேநீரில்தான். “ஐயா, லேகியம் வாய்க்குள்ள போற பொருளு. பாத்துக்கிடுங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவரும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் தைலக் கூடத்துக்கு ஆள் தேவைப்பட்டுவிட்டது.

குரு வற்றலை விட்டு எழுந்தார். “இன்னிக்கு நாலு மணிக்கு ஒரு டீ வைங்க. முத்தரசி ஊத்தட்டும். நீங்க புது ஆளா உட்காருங்க. நீங்க கேக்கிற கேள்வியை எல்லாம் அவ உங்களைக் கேக்கட்டும். போற பொண்ணு, கூட ஒண்ணு கேட்டாலும் தடுக்காதீங்க.”

“அதுல என்னம்மா இருக்கு? தாராளமா கேக்கட்டும். நானும் அன்பாத்தானே கேக்கேன்.”

“அப்ப பயமில்லை,” என்றார் குரு.

நாலு மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். புது ஆள் உட்காருகிற முக்காலியில் தில்லைநாயகம் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், அந்த முக்காலி மற்றவர்களைப் பார்த்தபடி போட்டிருப்பதைக் கவனித்தார். அதை அப்படிப் போட்டது அவரேதான். இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முத்தரசி டீயை ஊற்றி நீட்டினாள். பயண உடுப்பில் இருந்தாள். துணிப்பை தைலக் கூடத்து வாசலில் இருந்தது.

“சொந்த ஊர் எது சார்?”

சொன்னார்.

“ஊர்ல எங்க சார்?”

“மேலத் தெரு. கோயில் வாசல்ல இருந்து மூணாவது வீடு,” என்றார். கேட்காததையும் சேர்த்துச் சொன்னோமே என்று தோன்றியது. ஆனால் சொல்வதற்குச் சுகமாகத்தான் இருந்தது. குலதெய்வம் கேட்டாள். அதையும் சொல்லி, கோயில் கொடைத் திருவிழா எந்த மாசம், எத்தனை ஊர் ஜனம் வரும் என்பது வரை சொன்னார். இரண்டு பேர் தலையாட்டினார்கள். முறுக்கு ஒன்றை எடுத்துக் கடித்தார். பார்த்தீர்களா, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று குரு இருக்கிற பக்கம் திரும்பினார். குரு அங்கே இல்லை, உள்ளே போயிருந்தார்.

முத்தரசி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். கேள்விகள் முடிந்துவிட்டன. சும்மா போகக் கூடாதே என்று, உபசாரத்துக்கு ஒன்று கேட்டாள்.

“பிள்ளைங்க எத்தனை பேரு சார்?”

“ஒரு பையன். பெங்களூர்ல.”

“ஒருத்தர்தானா சார்?”

மீதி முறுக்கு அவர் கையிலேயே நின்றது.

தினசரி வாழ்க்கையில் யாரும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. ஒரு பையன் என்றால் ஒரு பையன்தான். அவர் மகள் யாழினி ஆறு வருஷத்துக்கு முன்னால் கூட வேலை பார்த்தவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தப் பையனின் வீடும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்கு அங்கிட்டுத்தான் இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே பிள்ளை. மனைவி இறந்தபோது யாழினி வந்து வாசலில் நின்றாள். யாராவது உள்ளே கூப்பிடட்டும் என்று அவர் திண்டாடினார். யாரும் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. மத்தியானம் வரை வெயிலில் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

இது இங்கே யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்திருந்தார். இப்போது எதிரே பரிமளம் உட்கார்ந்திருந்தாள், அவர் ஊருக்கு இரண்டு மைல் தள்ளிய ஊர்க்காரி. இரண்டு மைல் தூரத்துக்குச் சாவுச் செய்தி போகாமலா இருக்கும்? வாசலில் நின்ற பெண்ணைப் பற்றிப் பேச்சு போகாமலா இருக்கும்? பரிமளம் தன் டம்ளருக்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். முக்காலி அப்படிப் போட்டிருந்தது.

“ஆமா. ஒருத்தன்தான்,” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. உடனே, “மழை வரும்போல இருக்கு” என்றார்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்து, ஆமாம் என்றார்கள்.

டீ முடிந்ததும் நேரே குருவின் அறைக்குப் போனார். வேட்டியில் முறுக்குத் தூள் சிந்தியிருந்தது. எப்போது சிந்தியது என்று அவருக்குத் தெரியவில்லை.

“அம்மா, நான் பொய் சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“பயந்துட்டேன்.”

“அந்தப் பொண்ணு மிரட்டினாளா?”

“இல்ல. சாதாரணமாத்தான் கேட்டா.”

“அப்புறம் எதுக்குப் பயம்?”

“சொன்னா அடுத்த கேள்வி வரும். அதுக்குச் சொன்னா அதுக்கடுத்தது வரும். எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். அதான்.”

குரு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முத்தரசி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

“மணி என்ன ஆச்சு ஐயா?” என்று கேட்டார் குரு.

தில்லைநாயகம் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

பஸ் நிறுத்தத்தில் அவள் மட்டும் இருந்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. சிமென்ட் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

“நாளைக்கே உன்ன லேகியக் கூடத்துக்கு மாத்திருதேன். ஏதோ தெரியாம நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காத.”

“எது சார் தெரியாம நடந்துச்சு?”

அவர் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறினார். அந்தக் கேள்விக்கும் ஒரு மழை கிடைக்குமா என்று மனசு தேடியது. கிடைக்கவில்லை.

“தெரிஞ்சுதான் செஞ்சேன்,” என்றார். “தைலத்துக்கு ஆள் தேவைப்படல. உன் வீடு எங்கன்னு தெரிஞ்சதும்தான் மாத்துனேன். ஒருத்தங்க வந்து ஒரு வார்த்த சொன்னாங்க. நான் அவங்கள ஏன்னு கேக்கல. என் மனசுலயும் அதுதான் இருந்துருக்கு.”

“தெரியும் சார்,” என்றாள் முத்தரசி. “தைலம் மேலுக்குத் தேய்க்கிறதுதானே.”

தலையில் யாரோ கொட்டியதுபோல் இருந்தது அவருக்கு. இத்தனை நாள் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர்கூடத் தனக்குள் சொல்லிக்கொண்டதில்லை.

“இன்னிக்கு டீயில நானும் பொய் சொன்னேம்மா. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. வேற இடத்துல கட்டிக்கிட்டா. அவளத்தான் மறைச்சேன். அந்த முக்காலியில உக்காந்தா எப்படி இருக்கும்னு எனக்கு இப்பத்தான் தெரியுது.”

முத்தரசி சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

“ஒங்களுக்கு ஒரு நாள் சார். எனக்கு ஒண்ணாங் கிளாசுல இருந்து. அதோட நீங்க மறைச்சது, நீங்க செஞ்ச ஒரு காரியத்த. நான் என்ன சார் செஞ்சேன்?”

 தூரத்தில் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

“இருந்துருன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல,” என்றார். “ஆனா இரும்மா.”

“இருந்தா? இப்ப பெஞ்சுல வச்சு எங்கிட்ட சொன்னீங்களே, அத மரத்தடியில வச்சுச் சொல்லுவீங்களா? பரிமளம் அக்கா இருக்கும்போதே?”

பஸ் வந்து நின்றது. தூசி அடங்குவதற்குள் நடத்துநர் ஏறு ஏறு என்றார். முத்தரசி எழுந்து ஒரு காலைப் படியில் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.  சொல்லிவிட்டால் பரிமளம் என்ன சொல்வாள், அவள் பதிலுக்கு எதை எடுத்துப்போடுவாள் என்பது மட்டுமே தில்லைநாயகத்தின் தலைக்குள் ஓடியது.

“ஏம்மா, வாரியா இல்லியா?” என்று கத்தினார் நடத்துநர்.

“சொல்லுதேன்,” என்றார் தில்லைநாயகம். படியருகே நின்ற நடத்துநருக்குக்கூடக் கேட்டிருக்காது. முத்தரசிக்குக் கேட்டது.

அவள் காலை எடுத்துக் கீழே வைத்தாள். பஸ் போய்விட்டது.

“ஆறரைக்கு இன்னொரு பஸ் இருக்கு சார்,” என்றாள். “நான் இங்கதான் இருப்பேன். மணி அடிச்சா இங்க வரைக்கும் கேக்கும்.” பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கூட வருகிற எண்ணம் அவளுக்கு இல்லை என்பது தெரிந்தது.

வெறுங்காலோடு திரும்பி நடந்தார். சாலை அன்றைக்கு மிகவும் சீக்கிரம் முடிந்துவிட்டது.

குரு மரத்தடியில் நின்றிருந்தார். முக்காலி அப்படியே கிடந்தது. தில்லைநாயகம் மணிக்கயிறு வரைக்கும் போனார். கையை நீட்டினார், திரும்ப எடுத்துக்கொண்டார்.

“அம்மா, நீங்க சொல்லிருங்களேன். குரு சொன்னா ஒருத்தரும் எதுத்துப் பேச மாட்டாங்க.”

“எதைச் சொல்ல? நான் யாரையும் தைலக் கூடத்துக்கு மாத்தலையே.”

“சொன்னா பரிமளம் சும்மா இருக்க மாட்டா. நீ மட்டும் யோக்கியமான்னு கேப்பா. பெத்த மகளையே வாசல்ல நிறுத்துனவன்தானேன்னு கேப்பா.”

“நிறுத்துனீங்களா?”

“நிறுத்துனேன்மா.” மணிக்கயிற்றைப் பார்த்தபடியே சொன்னார். “அவ அம்மா முகத்தைப் பாக்க வந்தா. நான் உள்ள வான்னு சொல்லல.”

  லேகியக் கூடத்தில் கிண்டுகிற துடுப்பு பாத்திரத்தில் உரசுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சாலைப் பக்கம் பெஞ்சில் முத்தரசி பையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

தில்லைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முக்காலியை எடுத்து, எல்லோரையும் பார்த்தபடி போட்டார். பிறகு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மணி ஓங்கி அடித்தது. சாலையில் முத்தரசி தலை நிமிர்வது தெரிந்தது.

லேகியக் கூடத்திலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே பரிமளம் வந்தாள். தைலக் கூடத்திலிருந்து மற்றவர்கள் வந்தார்கள். நேரங்கெட்ட நேரத்தில் எதற்கு மணி என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். தில்லைநாயகம் முக்காலியில் உட்கார்ந்தார்.  கைகளைத் தொடைக்குக் கீழே ஒளித்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு தடவை குருவைத் திரும்பிப் பார்த்தார்.

“துருவித் துருவிக் கேப்பாங்களேம்மா,” என்றார் மெதுவாக.

“கேப்பாங்க ஐயா,” என்றார் குரு. “அன்பாத்தான் கேப்பாங்க.”